பண்டகசாலை வாழ்வு

பொருள் தேடிப் பிறநாடு செல்லுதல் பழைய வழக்கம். அவ்வாறு சென்றோர் அங்கு எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்னும் வினாவும் அதனைப் போன்றே பழையது. எனினும், முன்னதற்கு நாம் காட்டும் ஊக்கத்திற் பத்தில் ஒரு பங்கும் பின்னதற்குக் காட்டுகின்றிலேம். இக்கல்லூரியினின்று கற்று வெளியேறுவோருட் சிலர் கடல் கடந்து வேலை பெறுகின்றனர். அவரை வாழ்த்தி வழியனுப்புங்கால், 'சம்பளம் எவ்வளவு?' என்று கேட்கின்றோம். 'தங்குதற்கு இடம் உண்டா?' என்று கேட்கின்றோம், 'குளிர் மிகுதியோ?' என்றும் கேட்கின்றோம். 'அந்நாட்டு மொழியை எப்பொழுது கற்கத் தொடங்குவாய்?' என்று கேட்டார் ஒருவரையும் யான் கண்டிலேன். இவ்வினாவே முதற்கண் கேட்கத்தக்கது என்பது எனது கருத்து. அதனைச் சீன தேசத்துப் பெருநகரங்களுள் ஒன்றாகிய குவாங்சோவை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றேன். ஐரோப்பியர் 'காண்டன்' என்று வழங்கிய நகரம் இதுவே.

இந்நகரை யான் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. எம் பெரியப்பாவின் மகன், யான் அண்ணா என்றழைப்பவர், ஆயத்த ஆடைகளைக் கொள்முதல் செய்து கப்பலேற்றும் நிறுவனம் ஒன்றின் பொருட்டுச் சில ஆண்டுகளாக அந்நகரில் வேலை பார்க்கின்றார். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபொழுது அவர் கூறிய செய்தியொன்றே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அவர் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் வாயிலில் முதியவர் ஒருவர் காவலிருந்தார். அண்ணா வேலை முடிந்து திரும்பும் மாலைதோறும் அம்முதியவர் நான்கைந்து அசைகளாலாய ஒரு தொடரைச் சொல்லுவார். தமது பதிவுச் சீட்டைத்தான் அவர் கேட்கின்றார் என்றெண்ணிய அண்ணா, பையினின்று அதனை எடுத்துக் காட்டுவார். முதியவர் சிரித்துத் தலையசைப்பார். இவ்வண்ணம் ஓராண்டு கழிந்தது. ஒருநாள் அலுவலகத்திற் கணக்கெழுதும் அம்மையார் ஒருவர், ஆங்கிலமும் அறிந்தவர், உடன் வந்தபொழுது இதனைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தனராம். "அவர் உம்மைச் 'சாப்பிட்டாயிற்றா?' என்றன்றோ கேட்கின்றார்! நீர் ஏன் சீட்டைக் காட்டுகின்றீர்?" என்றனராம்.

இதனைக் கேட்டு எம் வீட்டார் யாவரும் நகைத்தோம். அண்ணா நகைத்திலர். "தம்பி, ஓராண்டு முழுதும் ஒருவர் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கின்றார்; யான் அவரைப் போலீஸ் என்றே எண்ணியிருந்தேன்," என்றார். அயல்நாட்டு வேலையின் இன்பதுன்பங்களைப் பற்றிப் பலர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். இவ்வொரு வாக்கியம் போல ஒன்றும் என் நெஞ்சில் தைத்ததில்லை.

அண்ணா குடியிருக்கும் லிவான் பகுதியில் ஷிசான்ஹாங் வீதி என்று ஒரு தெரு உளது. 'பதின்மூன்று வணிக மனைகளின் வீதி' என்பது அப்பெயரின் பொருள். இன்று அஃது ஆடைகளின் மொத்த வியாபாரத்துக்குப் பேர்போன இடம். அண்ணா சரக்கெடுப்பதும் அங்கேதான். இருநூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர், அதனையடுத்த முத்தாற்றின் கரையிலேதான் ஐரோப்பிய வணிகரின் பண்டகசாலைகள் வரிசையாக நின்றன. அயல்நாட்டிற் பணிபுரிவோன் எவ்வாறு வாழக்கூடும், எவ்வாறு வாழ்தலாகாது என்னும் இரண்டினையும் கற்பிக்கும் பாடம் அப்பண்டகசாலைகளின் வரலாற்றில் உள்ளது.

1757ஆம் ஆண்டிலே சியான்லுங் சக்கரவர்த்தி, கடல்வழியே வரும் மேனாட்டார் வாணிகம் காண்டன் துறை ஒன்றிலேயே நடைபெறல் வேண்டுமென ஆணை பிறப்பித்தார். 1842 வரை அவ்வாணை நின்றது. மேனாட்டு வணிகர் நகர மதிலுக்குள் நுழைதல் கூடாது. மனைவியரை உடன்கொணர்தல் கூடாது. பல்லக்கில் ஏறுதல் கூடாது. வாணிகப் பருவம் முடிந்ததும் மக்காவுக்குச் சென்றுவிடல் வேண்டும். அரசினர் அனுமதி பெற்ற சீன வணிகரோடன்றிப் பிறரோடு பெருவாணிகம் செய்தலும் ஆகாது. இவை போன்ற தடைகள் பல. எனினும், இவையெல்லாவற்றினும் ஆழ்ந்த விளைவினையுடையது, அயலார் சீனமொழி கற்றலாகாது என்னும் தடையே. கற்போனுக்கு வரும் இடரினும், கற்பிக்கும் சீனனுக்கு வரும் இடரே பெரிது.

அவ்விடர் எத்துணைப் பெரிது என்பதை ஜேம்ஸ் பிளின்ட் என்பாரின் வரலாறு காட்டும். அவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் மொழிபெயர்ப்பாளர். இளமையிலேயே சீனமொழி கற்றவர். 1759இல் அவர் கும்பினியின் குறைகளைச் சீனமொழியில் எழுதிய விண்ணப்பமாகக் கொண்டு, வடக்கே தியென்சின் வரை கப்பலேறிச் சென்று, சக்கரவர்த்தியின் பார்வைக்கு அஃது எட்டுமாறு செய்தார். விளைவு யாது? பிளின்ட் மக்காவில் மூன்றாண்டுகள் சிறையிருந்து நாடு கடத்தப்பட்டார். விண்ணப்பம் எழுதுதற்குத் துணைநின்ற லியூ யாபியன் என்னும் சீனரோ தலை துணிக்கப்பட்டார். அயலானொருவனுக்கு மொழியால் உதவினமைக்கு உயிரே விலையாயிற்று.

இவ்வச்சம் நீங்காத காலத்திலேதான், 1807ஆம் ஆண்டில், ராபர்ட் மாரிசன் என்னும் மதபோதகர் காண்டன் வந்து சேர்ந்தார். பண்டகசாலையின் ஓர் அறைக்குள்ளிருந்து மறைவாகவே அவர் சீனமொழி பயின்றார். அவருக்குக் கற்பித்த ஆசிரியருள் ஒருவர், அகப்படின் சித்திரவதைக்குத் தப்பி உயிர்விடும் பொருட்டு நஞ்சினை உடன் வைத்திருந்தார் என்பர். அத்தகைய நிலையிற் கற்ற மாரிசனே 1809இல் கும்பினியின் மொழிபெயர்ப்பாளரானார். 1815 முதல் 1823 வரை சீன-ஆங்கில அகராதியைப் பல தொகுதிகளாக வெளியிட்டார். விவிலியம் முழுவதையும் சீனத்தில் அச்சேற்றினார். அமெரிக்க நாட்டு வில்லியம் ஹண்டர் என்பார் 1825இல் பதின்மூன்று வயதுச் சிறுவராய்க் காண்டன் வந்து, சீனமொழி கற்கும் பொருட்டு மலாக்காவிலே மாரிசன் நிறுவிய கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். பின்னர்ப் பல்லாண்டுகள் காண்டனில் வாணிகஞ் செய்து, முதுமையில் அந்நாளைய வாழ்வை 1882இல் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். அக்காலத்துக் காண்டனைப் பற்றி நாம் இன்று அறிவனவற்றுட் பல அந்நூலின் வாயிலாக வந்தனவே. அங்கே வந்து பெரும்பொருள் ஈட்டிச் சென்ற வணிகர் எத்துணையோ பேர். அவருள் அந்நகரைப் பற்றி நமக்குச் சொல்லவல்லார் மிகச் சிலரே. அச்சிலர் மொழி கற்றோர்.

ஏனையோர் எவ்வாறு பேசினர்? 'பிட்ஜின்' என்று பெயர் பெற்ற ஓர் அரைகுறை ஆங்கிலத்தாற் பேசினர். ஆங்கிலச் சொற்களின் ஒலியைச் சீன எழுத்துக்களில் எழுதிக் காட்டும் சிறு புத்தகங்கள் அந்நாளிற் கடைவீதியில் மலிவாக விற்கப்பட்டன. அவற்றைக் கற்றே கடைக்காரரும் ஏவலரும் அயலாரோடு உரையாடினர். தேயிலைக்கும் பட்டுக்கும் அம்மொழி போதியதாயிருந்தது. நட்புக்கும் வழக்குக்கும் போதாதாயிற்று. 1839ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அபினி வாணிகத்தை ஒழிக்க வந்த ஆணையர் லின் சேசூ பண்டகசாலைகளை முற்றுகையிட்டு, அங்கிருந்த சீன ஏவலர் அனைவரையும் வெளியேறச் செய்தார். அதுகாறும் பிறர் கையால் உண்டு வந்த செல்வ வணிகர், ஆறு வாரங்களுக்கு மேல் தாமே சமைத்தும் பெருக்கியும் வாழ நேர்ந்தது. அபினியைக் கொணர்ந்தோர் மீது லின் கொண்ட சினம் நேரியதே. அவர் செயலைப் பழித்தற்கு இதனைக் கூறினேனல்லேன். ஒரு நகரில் நெடுங்காலம் வாழ்ந்தும் ஏவலரன்றி அண்டை வீட்டாரென ஒருவரையும் பெறாத வாழ்வு எத்தகையது என்பதைக் காட்டவே கூறினேன்.

பின்னர் நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அபினிப் போருக்குப் பின் 1842இல் நான்கிங் உடன்படிக்கையும், 1844இல் அமெரிக்கரோடு வாங்சியா உடன்படிக்கையும் ஏற்பட்டன. சீன ஆசிரியரை அமர்த்தி மொழி கற்கவும், சீன நூல்களை விலைக்குப் பெறவும் அயலாருக்கு உரிமையுண்டு என்பதே பின்னதன் பதினெட்டாம் விதி. லியூ யாபியன் உயிர்கொடுத்த ஒன்று, எண்பத்தைந்து ஆண்டுகட்குப் பின் சட்டத்தால் திறந்துவிடப்பட்டது. திறந்த வாயிலின் வழியே அயலார் புகுந்தனரா? புகுந்தார் சிலரே. பெரும்பாலோர், 1861 முதல் காண்டனை அடுத்த ஷாமியான் என்னும் சிறு தீவில் தமக்கெனத் தனிக் குடியிருப்பை அமைத்துக்கொண்டனர். நகரையும் அத்தீவையும் ஒரு கால்வாய் பிரித்தது. பாலங்களின் வாயில்கள் இரவில் அடைக்கப்பட்டன. முன்னர்ச் சக்கரவர்த்தி எழுப்பிய சுவர் வீழ்ந்தது. இப்பொழுது அயலார் தாமே ஒரு சுவரை எழுப்பிக்கொண்டனர். 1925ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் அக்கால்வாயின் எதிர்க்கரையில் ஊர்வலமாகச் சென்ற சீனர்மீது தீவிலிருந்து துப்பாக்கி சுடப்பட்டு, ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விருபுறத்தாரும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் எதிரெதிர்க் கரையில் வாழ்ந்தவர் என்பதை நினைக்குந்தொறும் உள்ளம் நடுங்குகின்றது.

இனி, இந்நாளைய நிலையை நோக்குவோம். 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி குவாங்சோ நகரின் மக்கள் 1 கோடியே 86 லட்சத்துக்கு மேற்பட்டோர். அதே கணக்கின்படி சீனப் பெருநாடு முழுவதிலும் வாழ்ந்த அயல்நாட்டார் 8,45,697 பேர். அஃதாவது, பதினாயிரவருள் ஏறத்தாழ அறுவர். இத்துணைச் சிறுபான்மையோராய் வாழும் அயலார்க்கு அந்நாட்டுச் சட்டம் வகுத்துள்ள வழிகள் தெளிவானவை. வேலைக்கென உரிய நுழைவுச் சீட்டோடு செல்லுதல் வேண்டும். சென்ற முப்பது நாட்களுக்குள் உறைவிட உத்தரவுக்கு விண்ணப்பித்தல் வேண்டும். வீட்டிற் குடிபுகுவோன் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் போலீஸாரிடம் பெயர் பதிதல் வேண்டும். வேலை உத்தரவு எந்நிறுவனத்தின் பெயரால் வழங்கப்பட்டதோ, அதனையன்றிப் பிறிதோரிடத்தில் ஊதியத்துக்கு உழைத்தல் குற்றமாம். 2017 முதல் அயல்நாட்டு வேலையாளர் ஏ, பி, சி என மூவகையாகப் பகுக்கப்படுகின்றனர். பட்டமும் ஈராண்டு அனுபவமும் உடையார் பொதுவாக இரண்டாம் வகையினர். எம் அண்ணாவும் அவ்வகையினரே. இவ்வகுப்புக்குத் தகுதி காணும் மதிப்பெண் பட்டியலில், சீனமொழித் தேர்ச்சிக்கும் சில மதிப்பெண்கள் உள. ஒருகாலத்திற் குற்றமாயிருந்தது இன்று மதிப்பெண் பெறுந் தகுதியாயிற்று! எனினும், அம்மதிப்பெண் இல்லாமலே வேலை கிடைத்துவிடுதலால், பலர் அதனை நாடுகின்றிலர்.

இந்நாளில் தீவும் இல்லை; கால்வாய்ப் பாலத்தை அடைப்பாரும் இல்லை. ஆயினும் பண்டகசாலை ஒழிந்துவிட்டதா? தியென்ஹே பகுதியின் வானளாவிய கட்டடங்களில், தம் நாட்டாரோடு மட்டும் உண்டு, தம் மொழியில் மட்டும் பேசி, அலுவலகத்திலும் ஆங்கிலமறிந்த இருவர் மூவரோடு மட்டும் பழகி, ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிவிடும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் எங்கே வாழ்ந்தான்? குவாங்சோவில் என்று அவன் கடவுச்சீட்டுச் சொல்லும். யான் சொல்வது, அவன் பண்டகசாலையில் வாழ்ந்தான் என்பதே. ஒரு வேறுபாடுண்டு: மாரிசன் காலத்துப் பண்டகசாலையின் தாழ் வெளியே இருந்தது, இதன் தாழ் உள்ளே இருக்கின்றது.

இக்கருத்துக்குத் தடை கூறுவாருளர். முதற்கண், 'இரண்டாண்டு ஒப்பந்தத்திற்குச் செல்வோன், உலகத்து மொழிகளுள் மிகக் கடினமான ஒன்றைக் கற்றல் எவ்வாறு இயலும்?' என்பர். கடினம் என்பதை மறுத்திலேன். வடசீனத்துப் பொதுமொழியில் ஒலி ஏற்றத்தாழ்வு நான்கு வகை. குவாங்சோ மக்களின் காண்டனீயத்திலோ ஆறு வகை. ஓசை மாறினாற் பொருள் மாறும். ஆயின், லகர ளகர ழகரங்களைக் கருவிலேயே கற்றுவந்தவர்போல ஒலிக்கும் நமக்கு, ஓசை வேறுபாட்டாற் பொருள் வேறுபடுதல் புதுமையன்றே. எழுத்தைப் பற்றியோவெனின், சீன அரசினர் 1988இல் வெளியிட்ட பட்டியலில் மிகுதியும் வழங்கும் எழுத்துக்கள் எனக் குறிக்கப்பட்டவை 2,500. நாளொன்றுக்கு ஐந்தெழுத்துக் கற்பானுக்கு இவை ஐந்நூறு நாள் வேலை. ஈராண்டு ஒப்பந்தத்தில் எழுநூற்று முப்பது நாட்கள் உள. மேலும், புலவனாதல் வேண்டுமென்று யான் கூறவில்லை. வாயிற்காவலர்க்கு விடையிறுத்தல் வேண்டுமென்றே கூறுகின்றேன்.

அற்றேல், 'கையிலுள்ள கைப்பேசியே கணத்தில் மொழிபெயர்த்துத் தருகின்றதே; கற்றல் எற்றுக்கு?' எனின், அதுவும் பொருந்தாது. பழைய காண்டனிலும் மொழிபெயர்ப்பாளர் இருந்தனர். அரசினர் அனுமதி பெற்ற துபாஷிகளாகிய அவர், கப்பற்காரர் சொல்லை அதிகாரிக்கும், அதிகாரி சொல்லைக் கப்பற்காரர்க்கும் எடுத்துரைத்தனர். அவர் பிழையின்றி உரைத்தனரா என்பதை அறிய வணிகர்க்கு வழியில்லை; ஏனெனில், அறிதற்கு வேண்டியது எதுவோ அதுவே அவரிடத்தில்லை. இன்றைய கருவி அவரினும் விரைவானது, மலிவானது. சரக்கு விலை கேட்டற்கும் மருந்துச் சீட்டைப் படித்தற்கும் பெரிதும் துணையாவது. ஆனால் அண்ணாவின் கதையை மீண்டும் நினைமின். அவ்வாண்டு முழுதும் கைப்பேசி அவர் சட்டைப் பையிலேதான் இருந்தது. அதனை எடுத்துக் கேட்டல் வேண்டும் என்னும் எண்ணமே அவருக்குத் தோன்றவில்லை, ஏன்? முதியவர் சொல்லின் பொருள் தமக்குத் தெரியும் என்றே அவர் எண்ணியிருந்தார். தெரியாது என்பதை அறிந்தவனுக்கே கருவி உதவும். தெரியும் என்று தவறாக எண்ணுபவனை எக்கருவியும் திருத்தாது. மொழியறிவு ஒன்றே திருத்தும்.

மூன்றாவது தடையே வலிமையுடையது. 'அந்நாடு அயலாரை ஒருநாளும் தம்மவராக ஏற்பதில்லையே! வேர்விட இடந்தராத நிலத்தில் வேர்விட முயல்வது பேதைமையன்றோ?' என்பர். இதில் உண்மை உண்டு. 1980ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. நிலையான உறைவிட அட்டை வழங்கும் முறை 2004இல் தொடங்கியதாயினும், அதனைப் பெறுதல் சாலவும் அரிது. இவற்றினும் கொடிய நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 2020ஆம் ஆண்டு ஏப்பிரலில், கோவிட் நோய்பற்றிய அச்சத்தால், குவாங்சோவில் வாழ்ந்த ஆப்பிரிக்கர் பலர் தம் இருப்பிடங்களினின்று வெளியேற்றப்பட்டனர். விடுதிகளிலும் உணவகங்களிலும் இடம் மறுக்கப்பட்டனர். தெருவிற் படுத்துறங்கியோரும் உளர். ஆப்பிரிக்க நாட்டுத் தூதுவர்கள் ஒன்றுகூடிச் சீன வெளிநாட்டமைச்சுக்கு எழுதிக் கண்டிக்கும் அளவுக்கு அச்செய்தி பெரிதாயிற்று. இதனை மறைத்துவிட்டு, 'மொழி கற்பீராக, யாவும் நலமாகும்' என்று கூறுவேனாயின் யான் பொய்யனாவேன். விருந்தினர் மொழி கற்றல் எத்துணைக் கடனோ, வீட்டார் நிறம் நோக்காது நடத்தல் அதனினும் பெருங்கடன். அயலான் தொழிலை ஒரே நிறுவனத்தோடு கட்டிவைக்கும் விதியும் தளர்த்தத்தக்கதே. வேலைதருவோன் தீயனாயின், அவ்விதி வேலையாளை வாய்மூடச் செய்யும்.

எனினும், இத்தடைக்கும் விடையுண்டு. அரசின் வாயில் வேறு. அண்டை வீட்டின் வாயில் வேறு. முன்னதைத் திறத்தல் நம் கையிலில்லை. பின்னது நாம் தட்டினாலன்றித் திறவாது. குவாங்சோ நகர மக்களில் ஏறத்தாழப் பாதியர் அந்நகரில் குடிப்பதிவு இல்லாதோர். ஊர்ப்புறங்களினின்றும் பிற மாகாணங்களினின்றும் பிழைப்பு நாடி வந்தோர். தையலகங்களில் இரவும் பகலும் உழைப்போரும், உணவுப் பொட்டலத்தைச் சுமந்து வீதியில் விரைவோரும் பெரும்பாலும் அவரே. அவருட் பலர் காண்டனீயம் அறியாதவர். பிள்ளைகளைச் சொந்த ஊரில் விட்டு வந்தவரும் பலர். திருநாளுக்கு ஊர் திரும்பும் வண்டியை எண்ணி நாட்கழிப்பதில் அவர்க்கும் எம் அண்ணாவுக்கும் வேற்றுமை யாது? நல்ல சம்பளத்தோடு செல்வோனை ஆங்கிலத்தில் 'எக்ஸ்பாட்ரியேட்' என்று உயர்த்தி வழங்குகின்றனர்; கைத்தொழிலாளியை 'மைக்ரன்ட்' என்று வேறு பெயரால் அழைக்கின்றனர். நம் தாய்மொழி இருவரையும் பிழைக்கப் போனவர் என்ற ஒரே பெயரால் வழங்கும். அதுவே உண்மைக்கு அணித்து. அயல்நகரில் தனியன் என்று வருந்துவோன், சாலையைக் கடந்து எதிரே உள்ள நூடுல்ஸ் கடையில் அமர்ந்து நான்கு வார்த்தை பேசவல்லனாயின், தன்னைப் போன்றார் பல்லாயிரவரை அங்கேயே காண்பான்.

எம் அண்ணாவும் அதனைக் கண்டார். கணக்கெழுதும் அம்மையார் பொருள் கூறிய மறுநாள் மாலை, முதியவரின் வினாவுக்குச் 'சாப்பிட்டாயிற்று, நீர்?' என்னும் பொருள்பட மூன்று சொற்களை மனப்பாடஞ் செய்து வந்து விடைகூறினாராம். முதியவர் எழுந்து நின்று அவர் கையைப் பற்றிக்கொண்டாராம். அன்று முதல் அவ்வாயிற்படியே அண்ணாவுக்குப் பள்ளியாயிற்று. எடுத்தல் படுத்தல் ஓசைகளைப் பிழையாக ஒலிக்குந்தோறும் முதியவர் கைவிரலால் மேலுங் கீழுங் காட்டித் திருத்துவாராம். அடுத்த சீனப் புத்தாண்டில் அவரது இல்லத்து விருந்துக்கு அழைக்கப்பட்டவருள் அண்ணாவும் ஒருவர். "அவ்வூரில் எனக்கு வேலை கிடைத்தது முதலாண்டில், ஊர் கிடைத்தது இரண்டாமாண்டிலேதான்," என்று அவர் கூறினார். சம்பளம் இரண்டாண்டிலும் ஒன்றேயாம்.

தமிழ் மாணவனாகிய யான் இதனோடு இரண்டு செய்திகளை இயைத்துக் காண்கின்றேன். குவாங்சோவுக்கு வடகிழக்கே கடற்கரையிலுள்ள சுவாஞ்சோ என்னும் துறைநகரில், 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. அங்கே வாழ்ந்த தமிழ் வணிகர் சிவபெருமானுக்குக் கோயிலெடுத்து, மங்கோலியப் பேரரசரின் நலத்தை வேண்டிப் பொறித்த கல் அது. தமிழெழுத்துக்களின் கீழே சீன எழுத்துக்களும் அதில் உள. தம் கடவுளையும் தம் மொழியையும் அவர் விடவில்லை. ஆயினும், அண்டை வீட்டான் படித்தற்கென்று ஒரு வரியேனும் அவன் எழுத்தில் வேண்டும் என்று எண்ணினர். அயலூரில் வாழ்வோர்க்கு இதனினும் சுருக்கமான நெறி வேறொன்றில்லை.

மற்றொன்று நம் கண்முன்னேயே உள்ளது. நம் கல்லூரியைப் போன்றவற்றை நிறுவியவர் அயல்நாட்டினின்று இங்குவந்து பணிபுரிந்தோரே. அவருட் பலர் பெயர் இன்று கட்டடக் கற்களில் மட்டுமே உள்ளது. கால்டுவெல் 1838இல் சென்னை வந்திறங்கி, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். போப்பையர் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தார். அவர் பெயரோ நம் பாடப் புத்தகத்திலும் நாவிலும் உள்ளது. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? நம் முன்னோர் 'சாப்பிட்டீரா?' என்று கேட்டபொழுது அவர்க்குப் பொருள் விளங்கிற்று என்பதே.

ஆதலின், பிறநாட்டுக்குப் பணியேற்றுச் செல்லவிருக்கும் தோழர்க்கு யான் சொல்லத்தக்கது சிறிதே. செல்க, நன்கு உழைத்து ஈட்டுக, பெற்றோர்க்கு அனுப்புவதை அனுப்புக. ஆயின், பெட்டி கட்டுமுன்னரே அவ்வூர் மொழியில் நூறு சொற்களேனும் கற்றுக்கொள்க. சென்ற முதல் வாரத்தில், வாயிலில் இருப்பவர் நாள்தோறும் சொல்லும் சொல்லின் பொருள் யாது என்று கேட்டறிக. முன்னாளில் ஒருவன் அம்மொழியை அயலானுக்காக எழுதித் தன் தலையைக் கொடுத்தான். இந்நாளில் அதனைக் கற்றற்கு நாம் கொடுக்க வேண்டுவது மாலைதோறும் அரைமணி நேரமே. அவ்வரைமணியைக் கொடாதவன் எத்துணைப் பொருள் கொண்டு திரும்பினும், தான் வாழ்ந்த ஊரைக் காணாமலே திரும்புகின்றான்.